‘ட்ரை அண்ட்’: ஆங்கில எழுத்தில் ஒரு பேச்சு வழக்கின் இடம்

கிரிக்கெட்டில் டாஸ் முடிந்ததும் அணித்தலைவர்கள் ஒலிவாங்கியின் முன் நின்று சொல்லும் வாக்கியங்களில் ஒன்று ஏறத்தாழ மாறுவதே இல்லை. ‘வி வில் ட்ரை அண்ட் புட் எ குட் ஸ்கோர் ஆன் த போர்ட்’ என்பார்கள். நல்ல ஸ்கோரை எடுக்க முயல்வோம் என்பதே அதன் பொருள். ஆங்கில நாளிதழ் அந்தப் பேச்சை மேற்கோள் குறிகளுக்குள் தரும்போது ‘ட்ரை அண்ட் புட்’ என்று சொன்னபடியே அச்சிடும். அதையே செய்தியாளர் தம்முடைய சொந்த வாக்கியமாக்கி எழுதும்போது அது பெரும்பாலும் ‘ட்ரை டு புட்’ என்று மாறிவிடும். கருத்து ஒன்றாகவே இருக்க, பேச்சுக்கு ஒரு வடிவமும் எழுத்துக்கு இன்னொரு வடிவமுமாக இந்தத் தொடர் பிரிந்து நிற்கிறது.

‘ட்ரை’ என்ற வினைக்குப் பின் ‘டு’ வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கற்ற நமக்கு, ‘அண்ட்’ வருவது கொச்சை என்றோ பிழை என்றோ தோன்றுவது இயல்பு. மறுபுறம், தொலைக்காட்சியிலும் அலுவலகக் கூட்டங்களிலும் அதை நாள்தோறும் கேட்பவர்கள், இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி எல்லா வாக்கியங்களிலும் அதைப் பொருத்திவிடுகிறார்கள். இந்த இரண்டு முடிவுகளும் தவறானவை. ‘ட்ரை அண்ட்’ பிழை அன்று. அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. ஆனால் அது எங்கும் நுழையக்கூடிய தளர்ந்த வழக்கும் அன்று. ‘ட்ரை டு’ என்பதைவிடக் கண்டிப்பான விதிகளுக்கு அது கட்டுப்பட்டிருக்கிறது. அந்த விதிகள் இலக்கணப் பாடநூல்களில் அரிதாகவே காணப்படுவதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதும்போது தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் சொல்லின் வரலாற்றைப் பார்க்கலாம். ‘ட்ரை’ பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரித்தெடுத்தல், சலித்துப் பார்த்தல் என்பவை அதன் தொடக்கப் பொருள்கள். அதிலிருந்து சோதித்தல் என்ற பொருளும், வழக்கை விசாரித்தல் என்ற பொருளும் கிளைத்தன. நீதிமன்ற விசாரணையை ‘ட்ரையல்’ என்று இன்றும் வழங்குவது அதனால்தான். முயலுதல் என்ற பொருள் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. சோதித்தல் என்ற பொருள் வலுவாக இருந்த காலத்தில் ‘ட்ரை அண்ட் சீ’ என்பதில் விந்தை எதுவும் இல்லை. சோதி, பிறகு காண் என்று இரண்டு செயல்கள் அடுத்தடுத்து நிற்க, நடுவில் ‘அண்ட்’ முறைப்படி இணைப்பிடைச் சொல்லாக அமர்ந்திருந்தது. காலப்போக்கில் ‘ட்ரை’யின் பொருள் முயற்சியை நோக்கி நகர்ந்தபோதும் ‘அண்ட்’ தன் இடத்தை விட்டு நகரவில்லை. 17ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களிலேயே இந்த வழக்கு காணக்கிடைக்கிறது. முயலுதல் என்ற பொருளில் ‘ட்ரை டு’ என்பதைவிட ‘ட்ரை அண்ட்’ மூத்ததாகவும் இருக்கலாம் என்று மெரியம் வெப்ஸ்டர் அகராதியினர் எழுதியிருக்கிறார்கள். எனவே, நல்ல வடிவம் ஒன்று முதலில் இருந்தது, பேச்சாளர்கள் பிற்பாடு அதைச் சிதைத்தார்கள் என்ற கதைக்கு இங்கே ஆதாரம் இல்லை.

இனி அதன் இலக்கணம். இந்த வழக்கின் முதல் விதி, ‘ட்ரை’ எந்த விகுதியும் ஏற்காத வெற்று வடிவில் இருக்கவேண்டும் என்பது. ‘ட்ரை அண்ட் கம் ஏர்லி’ என்று ஏவலாம். ‘ஐ வில் ட்ரை அண்ட் கம்’ என்று வாக்குக் கொடுக்கலாம். ‘ஐ வான்ட் டு ட்ரை அண்ட் ஹெல்ப்’ என்று விருப்பம் சொல்லலாம். ‘வி ட்ரை அண்ட் வாக் எவ்ரி டே’ என்று வழக்கத்தைக் கூறலாம். இவை அனைத்திலும் ‘ட்ரை’ மாறாமல் நிற்கிறது. ஆனால் எழுவாய் ‘ஷி’ என்று மாறியவுடன் ‘ட்ரைஸ்’ என்ற விகுதி தேவைப்படுவதால், ‘ஷி ட்ரைஸ் அண்ட் வாக்’ என்றும் எழுத முடியாது, ‘ஷி ட்ரைஸ் அண்ட் வாக்ஸ்’ என்றும் எழுத முடியாது. ‘ஷி ட்ரைஸ் டு வாக்’ என்பது மட்டுமே சரி. இறந்தகாலத்துக்கும் இதே கதிதான். ‘ஐ ட்ரைட் அண்ட் கால் யூ’ என்ற வாக்கியம் பொது ஆங்கிலத்தில் இல்லை. ‘ட்ரையிங் அண்ட்’ என்பதும் இந்தப் பொருளில் வராது. சில வட்டார ஆங்கிலங்களில் இந்தத் தடை தளர்ந்திருந்தாலும், பரவலாக வாசிக்கப்படும் எழுத்தில் அதற்கு இடமில்லை.

இந்தத் தடை காலத்தைப் பற்றியது அன்று, வடிவத்தைப் பற்றியது என்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ‘டிட் யூ ட்ரை அண்ட் கால் ஹிம்?’ என்ற கேள்வி முழுக்க முழுக்க இறந்தகாலத்தைக் குறிக்கிறது. ஆனாலும் அது சரியான வாக்கியம். இறந்தகாலத்தின் சுமையை ‘டிட்’ ஏற்றுக்கொண்டதால் ‘ட்ரை’ வெற்று வடிவில் தங்கிவிட்டது, ‘அண்ட்’ வருவதற்கும் தடை நீங்கிவிட்டது. அதே கேள்விக்கு விடை எழுதும்போது ‘எஸ், ஐ ட்ரைட் டு கால் ஹிம்’ என்றுதான் எழுதவேண்டும். கேள்வியில் ‘அண்ட்’, விடையில் ‘டு’ என்று இருப்பது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் இதை யாரும் கற்பிக்காமலே பிசகின்றிச் செய்கிறார்கள். நாம் விதியை அறிந்து செய்யவேண்டியிருக்கிறது.

இரண்டாம் வினையும் வெற்று வடிவிலேயே நிற்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும். ‘ஐ ட்ரை அண்ட் பி பேஷன்ட்’ என்பார்களே ஒழிய ‘ஐ ட்ரை அண்ட் ஆம் பேஷன்ட்’ என்று சொல்லமாட்டார்கள். ‘அண்ட்’ இங்கே உண்மையிலேயே இரண்டு சமமான வினைகளை இணைத்திருந்தால், எழுவாய்க்கு ஏற்ப ‘ஆம்’ வந்திருக்கவேண்டும். ‘பி’ வருவதிலிருந்து, ‘அண்ட்’ தோற்றத்தில்தான் இணைப்புச் சொல், வேலையில் ‘டு’வுக்கு இணையானது என்று தெரிகிறது.

வேறு சான்றுகளும் உண்டு. இணைப்புச் சொல்லால் சேர்ந்த இரண்டு பகுதிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒரு சொல்லை உருவிக் கேள்வியின் தலையில் வைக்க ஆங்கிலம் பொதுவாக இடம் தராது. அவன் மீன் வாங்கிச் சோறு சமைத்தான் என்ற பொருள்படும் ஆங்கில வாக்கியத்திலிருந்து மீனை மட்டும் எடுத்து ‘வாட்’ என்று கேள்வியாக்கினால் வாக்கியம் உடைந்துவிடும். மொழியியலாளர் ஜான் ராபர்ட் ராஸ் 1967இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் இந்தத் தடையை வகுத்துரைத்தார். ‘ட்ரை அண்ட்’ அந்தத் தடைக்கு உட்படுவதில்லை. ‘வாட் வில் யூ ட்ரை அண்ட் ஃபைண்ட்?’ என்று தாராளமாகக் கேட்கலாம். அதுபோலவே, உண்மையான இணைப்பில் இரு வினைகளையும் முன்பின்னாக மாற்றலாம், ‘போத்’ என்ற சொல்லை முன்னால் சேர்க்கலாம். இங்கே இரண்டும் நடவாது. ‘ட்ரை’க்கும் ‘அண்ட்’டுக்கும் நடுவே வேறு சொல்லையும் நுழைக்க முடியாது. ‘ட்ரை ஹார்ட் டு வின்’ என்பது சரி; ‘ட்ரை ஹார்ட் அண்ட் வின்’ என்றால் கடுமையாக முயன்று வெற்றி பெறு என்று பொருளே வேறாகிவிடும். ‘ஐ வில் ட்ரை டு’ என்று வினையைத் தொக்க வைத்து வாக்கியத்தை முடிக்கலாம். ‘ஐ வில் ட்ரை அண்ட்’ என்று முடித்தால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார்.

தமிழ் பேசுவோருக்கு இங்கே தனியாக ஒரு சிக்கல் எழுகிறது. அதன் வேர் நம் மொழியின் அமைப்பிலேயே இருப்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தமிழில் முயற்சியைக் குறிக்க ‘எழுத முயன்றான்’ என்று செயவென் எச்சம் கொண்டும் சொல்லலாம், ‘முயன்று எழுதினான்’ என்று செய்தென் எச்சம் கொண்டும் சொல்லலாம். முதலாவதில் அவன் எழுதினானா என்பது தெரியாது. இரண்டாவதில் எழுதி முடித்துவிட்டான் என்பது உறுதி. ஆங்கிலத்தில் ‘ட்ரை அண்ட் ரைட்’ என்று கேட்கும்போது நம் செவி அதை ‘முயன்று எழுது’ என்ற அமைப்போடு ஒட்டவைத்துக்கொள்கிறது. இரண்டு வினைகள் வரிசையாக இருப்பதே அதற்குக் காரணம். பொருளிலோ அது ‘எழுத முயல்’ என்பதற்கே இணை. எழுதி முடிப்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை.

இதற்கு மேல் ‘பார்’ என்ற துணைவினை இருக்கிறது. சொல்லிப் பார், கேட்டுப் பார், தின்று பார் என்று நாம் நாள்தோறும் சொல்லும் இந்த அமைப்பு, முயற்சியும் சோதனையும் கலந்த பொருளைத் தருகிறது. பொருளளவில் ‘ட்ரை அண்ட்’ தொடருக்கு மிக அருகில் நிற்கும் தமிழ் வழக்கு இதுவே. ஆனால் தமிழின் ‘பார்’ எல்லாக் காலத்தையும் எல்லா இடத்தையும் ஏற்கும். கேட்டுப் பார்த்தான், கேட்டுப் பார்க்கிறாள், கேட்டுப் பார்ப்போம் என்று தடையின்றி விரியும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும் நாம், ஏவலில் சரியாக இருப்பது இறந்தகாலத்திலும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, ‘ஐ ட்ரைட் அண்ட் கால்ட் யூ யெஸ்டர்டே’ என்று மின்னஞ்சலில் எழுதிவிடுகிறோம். நம் மனத்தில் இருப்பது ‘நேற்று உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன்’ என்ற வாக்கியம். அதைப் படிக்கும் ஆங்கிலேயருக்கோ முயன்றேன், பிறகு கூப்பிட்டேன் என்று இரண்டு தனிச் செயல்கள் தென்பட, எதை முயன்றார் என்ற ஐயம் எழுகிறது.

இந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் உரிய வடிவங்கள் இரண்டு. அவற்றின் வேறுபாடும் தமிழில் அழகாகப் பிடிபடும். ‘ஐ ட்ரைட் காலிங் யூ’ என்றால் கூப்பிட்டுப் பார்த்தேன் என்று பொருள். மணி அடித்தது, எடுக்கவில்லை. அல்லது எடுத்தும் பயன் இல்லை. ‘ஐ ட்ரைட் டு கால் யூ’ என்றால் கூப்பிட முயன்றேன் என்று பொருள். இணைப்பே கிடைக்காமல் போயிருக்கவும் கூடும். ஆகவே ‘பார்’ என்ற துணைவினையை இறந்தகாலத்தில் ஆங்கிலமாக்கும்போது நமக்குக் கைகொடுப்பது ‘அண்ட்’ அன்று, ‘காலிங்’ போன்ற வடிவமே. இந்த ஒரு செய்தியை ஆங்கில ஆசிரியர்கள் வகுப்பில் தமிழ் எடுத்துக்காட்டுகளோடு சொல்லித்தந்தால் எத்தனையோ பிழைகள் நேராமல் தடுக்கலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தாய்மொழியின் இலக்கணத்தை விலக்கி வைத்துவிட்டு அயல்மொழியைக் கற்பிக்கும் முறை, கண்ணெதிரே இருக்கும் துணையை வீணாக்குகிறது.

இலக்கியத்தில் இந்த வழக்கு எப்படிக் கையாளப்பட்டது என்பதற்கு, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்துவந்த லூயிஸ் கேரல் 1865இல் வெளியிட்ட ஆலிஸின் கதையை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் அத்தியாயத்தில், தன் உடல் சுருங்கியும் நீண்டும் மாறியதில் குழம்பிப்போன ஆலிஸ், தான் மேபல் என்ற மந்தமான சிறுமியாக மாறிவிட்டேனோ என்று அஞ்சுகிறாள். வாய்பாட்டைச் சொல்கிறாள், தவறுகிறது. நாடுகளின் தலைநகரங்களைச் சொல்கிறாள், அதுவும் தவறுகிறது. அப்போது பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு பாட்டை நினைத்து, ‘ஐ’ல் ட்ரை அண்ட் சே’ என்கிறாள். இதைத் தமிழாக்கும் எவருக்கும் ‘சொல்லிப் பார்க்கிறேன்’ என்ற தொடர்தான் முதலில் நாவில் வரும். அவள் வெறுமனே முயலவில்லை, தன்னையே சோதித்துக்கொள்கிறாள். ‘ட்ரை’யின் பழைய பொருளும் புதிய பொருளும் ஒருசேர உயிரோடிருக்கும் இடம் அது.

அதே நூலில் கதைசொல்லியின் குரலைக் கவனித்தால் நிலைமை வேறு. முயல் வளைக்குள் விழும்போது கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க அவள் ‘ட்ரைட் டு லுக்’. அணைந்த மெழுகுவர்த்தியின் சுடர் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க ‘ட்ரைட் டு ஃபான்ஸி’. கண்ணாடி மேசையின் காலைப் பற்றி ஏற ‘ட்ரைட் ஹெர் பெஸ்ட் டு கிளைம்’. கதை இறந்தகாலத்தில் சொல்லப்படுவதால் கேரலுக்கு இங்கே வேறு வழியே இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மூன்றாவது வாக்கியத்திலோ நடுவே வேறு சொற்கள் புகுந்துவிட்டதால் இரட்டைத் தடை. ஆயினும் இதன் விளைவாக, நாவல்களிலும் சிறுகதைகளிலும் ‘ட்ரை அண்ட்’ இயல்பாகவே பாத்திரங்களின் வாய்க்கு உரியதாகவும் ‘ட்ரை டு’ கதைசொல்லிக்கு உரியதாகவும் அமைந்துவிட்டது. உரையாடலுக்கு உயிர் வேண்டும் என்று நினைக்கும் எழுத்தாளருக்கு இலக்கணமே செய்துகொடுத்த வசதி அது.

இந்த வழக்கைக் கண்டிக்கும் குரல்கள் 19ஆம் நூற்றாண்டில் எழத் தொடங்கின. ‘அண்ட்’ இரண்டு செயல்களை இணைக்கும் சொல், முயற்சியும் செயலும் இரண்டல்ல, ஆகவே இது தருக்கத்துக்கு முரண் என்பது அவர்கள் வாதம். தருக்கத்தைக் கொண்டு மொழியின் மரபுத்தொடரை அளப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அப்படி அளந்தால் ‘நைஸ் அண்ட் வார்ம்’ என்பதையும் தள்ளவேண்டும். அங்கே ‘நைஸ்’ தனிப் பண்பாக நிற்காமல் ‘வார்ம்’ என்பதற்கு அழுத்தம் தருகிறது. ஒரே கருத்தை ‘அண்ட்’ கொண்டு இரண்டாகப் பிரித்துச் சொல்வதற்கு அணியிலக்கணத்தில் கிரேக்கச் சொற்களால் ஆன ஒரு பெயரே உண்டு.

20ஆம் நூற்றாண்டில் பெரிய நடைக் கையேடுகள் நிதானமான தீர்ப்பை வழங்கின. இங்கிலாந்தின் எச். டபிள்யூ. ஃபௌலர் 1926இல் வெளியிட்ட தம் சொல்வழக்கு அகராதியில், இது வெறுத்து ஒதுக்கவேண்டிய வழக்கன்று, இயல்பாக வரும் இடத்தில் பயன்படுத்தவேண்டிய மரபுத்தொடர் என்று எழுதினார். ஏவுதலிலும் வாக்குக் கொடுத்தலிலும் அது சிறப்பாகப் பொருந்துகிறது என்றும், அங்கே ஊக்கமும் உறுதியும் கலந்த ஒரு நுண்பொருளைத் தருகிறது என்றும் அவர் கருதினார். ‘ட்ரை அண்ட் ஸ்லீப்’ என்று நோயாளியிடம் தாய் சொல்லும்போது, தூக்கம் வந்துவிடும் என்ற நம்பிக்கை அதில் தொனிப்பதை மறுக்க முடியாது. அமெரிக்காவில் ஸ்ட்ரங்க் எழுதி ஒயிட் விரிவாக்கிய புகழ்பெற்ற கையேடு ‘ட்ரை டு’ என்பதையே பரிந்துரைத்தது. ஆனால் ‘ட்ரை அண்ட்’ மரபுத்தொடராக வென்று நிலைத்துவிட்டது என்று ஏற்றுக்கொண்டு, முறைசார்ந்த உரைநடை எழுதும்போது மட்டும் ‘ட்ரை அண்ட் ரைட் ட்ரை டு’ என்று அறிவுறுத்தியது. விலக்கச் சொல்லும் வாக்கியத்திலேயே அந்தத் தொடரை ஏவலில், வெற்று வடிவில், மிகச் சரியாகப் பயன்படுத்திக்காட்டிய நயம் அது.

பிரிட்டிஷ், அமெரிக்க வேறுபாடும் இதில் உண்டு. பிரிட்டிஷ் பேச்சில் ‘ட்ரை அண்ட்’ மிகுதி. அமெரிக்கர்கள் பேச்சிலும் ‘ட்ரை டு’ பக்கமே சாய்கிறார்கள். எழுத்தில் இரு நாட்டவரும் ‘ட்ரை டு’வையே முன்னிறுத்துகிறார்கள் என்பது பெரும் உரைத்தொகுப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. எழுத்தில் ‘அண்ட்’ தலைகாட்டும் இடங்களில் ஓசையும் ஒரு காரணம். முன்னால் ஒரு ‘டு’ ஏற்கனவே வந்துவிட்டால், ‘டு ட்ரை டு’ என்று அடுத்தடுத்து ஒலிப்பதைத் தவிர்க்க ‘டு ட்ரை அண்ட்’ என்று எழுதுவது பலருடைய வழக்கம். இதைப் பதிப்பாசிரியர்கள் பலரும் திருத்தாமல் விட்டுவிடுகிறார்கள்; நானும் அதுவே நல்லது என்பேன்.

நாம் எழுதும்போது எதைத் தேர்வது என்பது, யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது. நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியிலும், நெருங்கிப் பழகிய உடன்பணியாளருக்கு எழுதும் மின்னஞ்சலிலும் ‘ஐ வில் ட்ரை அண்ட் ஃபினிஷ் திஸ் டுடே’ என்பது இதமான, இயல்பான வாக்கியம். அங்கே ‘டு’ போட்டாலும் குறையில்லை. வேலைக்கான விண்ணப்பம், ஆய்வுக் கட்டுரை, ஐஈஎல்டிஎஸ் போன்ற தேர்வுகளின் கட்டுரைப் பகுதி ஆகியவற்றில் ‘ட்ரை டு’ மட்டுமே பாதுகாப்பானது. ஒப்பந்தங்களில் ‘ட்ரை’யே அரிது, ‘எண்டெவர்’ என்ற சொல்லைத்தான் வழக்கறிஞர்கள் நாடுவார்கள். எந்த இடமாக இருந்தாலும், ‘ட்ரைஸ்’, ‘ட்ரைட்’, ‘ட்ரையிங்’ என்று விகுதி சேர்ந்துவிட்டால் தேர்வுக்கே இடமில்லை.

‘ட்ரைட் அண்ட் டெஸ்டட்’ என்ற தொடரைக் காட்டி, அதில் விகுதியோடு ‘அண்ட்’ வருகிறதே என்று கேட்கலாம். அது இந்த வழக்கைச் சேர்ந்ததன்று. சோதித்தல் என்ற பழைய பொருளில் இரண்டு சொற்கள் உண்மையாகவே இணைந்து, பயன்படுத்திப் பார்த்து நம்பகமானது என்று கண்ட ஒன்றைக் குறிக்கின்றன. நீதிமன்றச் செய்திகளில் வரும் ‘ட்ரைட் அண்ட் சென்டென்ஸ்ட்’ என்பதும் அப்படியே: விசாரித்தார்கள், தண்டனை விதித்தார்கள் என்று இரண்டு செயல்கள். இந்தத் துறையில் எழுதுவோர் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். ‘த கோர்ட் வில் ட்ரை அண்ட் பனிஷ் த அஃபெண்டர்ஸ்’ என்று ஒருவர் எழுதினால், நீதிமன்றம் குற்றவாளிகளை விசாரித்துத் தண்டிக்கும் என்று ஒரு பொருளும், தண்டிக்க முயலும் என்று இன்னொரு பொருளும் தோன்றும். முதலாவதுதான் கருத்து என்றால் விசாரணையையும் தண்டனையையும் தனித்தனி வாக்கியங்களாக எழுதிவிடலாம். இரண்டாவது என்றால் ‘ட்ரை டு பனிஷ்’ என்று எழுதினாலே ஐயம் தீர்ந்துவிடும்.